ஒரே ஆள், நாலு சட்டை

ஆரப்பாளையம் டூ உசிலம்பட்டி,
நாளைக்கு நாலு நடை.
நின்றே போய் நின்றே திரும்புகிற வேலை.
மாசியில் குதிகால் வலித்தது.
மெடிக்கல் பையன் ஓர் அட்டையை எடுத்து வைத்தான்:
'சத்து மாத்திரைண்ணே, நரம்புக்கு.
கூடப் போட்டாலும் ஒண்ணும் செய்யாது,
மிச்சமெல்லாம் ஒண்ணுக்கு வழியாப் போயிரும்.'

போனது,
புது ஆட்டோ மாதிரி மஞ்சளாய்.
கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறதென்று
எனக்கு ஒரு திருப்திகூட.

சித்திரையில் வாய்ப்புண், அதற்கு ஒன்று.
வைகாசியில் தலைமுடி கொட்டியது,
மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான்
குதிரைப் படம் போட்ட ஒரு டப்பா.
ராத்திரி பாலில் கலக்க ஒரு பவுடர்.
எல்லாம் சத்து.
சத்து போய்க் கெடுதல் செய்யுமா?

ஆடியில் பெருவிரலில் எறும்பு ஊர்ந்தது.
உதறினேன்.
எறும்பு இல்லை.
ஊர்வது மட்டும் இருந்தது.

செக்கானூரணியில் ஒரு காலேஜ் பிள்ளை சொன்னது:
'கண்டக்டர் சார், ஒத்தச் செருப்போட நிக்கிறீங்க.'
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
மற்றது நாகமலையிலேயே இறங்கியிருக்கும்.

பிறகு கை.
இருபத்திரண்டு வருசமாய்ப் பைக்குள் பார்த்ததில்லை,
விரலே எண்ணிக் கொடுக்கும்.
இப்போது ஒரு ரூபாயும் ரெண்டு ரூபாயும் ஒரே வழவழப்பு.
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
கணக்கு முடிக்கையில் நாற்பத்தேழு ரூபாய் இடித்தது.
மரமரப்புக்கும் அதுதானே மருந்து?
ஒன்றை இரண்டாக்கினேன்.

பெரியாஸ்பத்திரி, நரம்புப் பிரிவு.
சர்க்கரை இல்லை. குடி இல்லை.
'வேற என்ன சாப்பிடுறீங்க?'
'ஒண்ணுமில்ல டாக்டர், சத்து மட்டும்.'
'கொண்டு வாங்க.'

டாக்டர் ஜெசிந்தா அட்டைகளை மேசையில் கவிழ்த்துப் போட்டு
பின்பக்கத்துப் பொடி எழுத்தில் பேனாவால் கோடிழுத்தார்.
பி ஆறு. பி ஆறு. டப்பாவில் பி ஆறு.
பவுடரிலும்.
அவர் விளக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.
நாலு சட்டை மாற்றி
நாலு தடவை ஏறியிருக்கிறான் ஒரே ஆள்.
நானும் நாலு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

'எல்லாத்தையும் நிறுத்துங்க.'
'அதுக்கு என்ன மாத்திரை, டாக்டர்?'
சிரித்தார்.
சீட்டில் அவர் எழுதியது எந்த மெடிக்கலிலும் கிடைக்காது:
மூணு வேளைச் சாப்பாடு, கீரை, பருப்பு,
பாலில் எதுவும் கலக்கக் கூடாது.
சரியாக மாசக்கணக்கு ஆகும்.

நிறுத்தியதும் இன்னும் எரிந்தது.
ஈரத்துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு
சிமெண்டுத் தரையில் விடிய விடிய.
தவமணி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பவுடர் டப்பாவைக் கழுவிக் கடுகு கொட்டி வைத்தாள்.
நான்தான் ஓர் அட்டையை மட்டும்
பணப்பையின் உள்ளறையில் ஒளித்து
ஒரு மாதம் கூட்டிக்கொண்டு திரிந்தேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

சுரைக்காய், அரைக்கீரை, நெத்திலி,
மதியத்துக்குத் தூக்கில் மோர்ச்சோறு.
தட்டில் வருவது நெரிசல் பண்ணுவதில்லை,
இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்கிறது.

தையில் ஒரு ஞாயிறு,
ஊறிய மொச்சையைப் பிதுக்கச் சொன்னாள்.
ஒன்று எகிறிச் சுவரில் பட்டு விழுந்தது.
தோல் விரலில் ஒட்டியது.
ஒட்டியது
தெரிந்தது.
அவளிடம் சொல்லவில்லை.
குழம்புக்கு வேண்டியது அரைப்படி,
ஒருபடியையும் பிதுக்கி வைத்தேன்.
வைதாள்.

மறுவாரம் பைக்குள் ஒரு ரெண்டு ரூபாய்
தன் பேரைத் தானே சொன்னது.

இடது சுண்டுவிரல்தான் இன்னும் வரவில்லை.
வரலாம் என்கிறார் டாக்டர்,
வராமலும் போகலாமாம்.
கருமாத்தூரில் எல்லாரும் ஏறிய பிறகும்
விசில் ஊதாமல் நிற்கிறேன்.
கண்ணாடி வழியே டிரைவர் ஒச்சப்பன்:
'என்னண்ணே, போகலாமா?'
'பொறுப்பா,
ஒரு ஆள் வரணும்.'